குழந்தை ஜாக்கெட்டின் கால்வார்

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்வது எங்கள் போட் ஹவுஸில் இப்போது வந்திருக்கும் பழக்கம். போன சித்திரையில் என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு சால்வை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே ஏழெட்டுப் பேர். எனக்குப் பேச வராது. இருபது வருடம் "பக்கிளை மாட்டுங்க, எழுந்து நிக்காதீங்க" என்ற இரண்டு வாக்கியத்தைச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

பேசி முடித்ததும் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த ரேவதி என்ற பெண் எழுந்தாள்.

"சார், ஒரு கொழந்த ஏரில முழுகுன கேஸு சொல்லிக் குடுத்தாங்க. லைஃப் ஜாக்கெட்டு போட்டுவுட்டும் அப்பாகாரரே வாரை லூஸ் பண்ணிட்டாராமே? பெத்தவங்க அலட்சியம்னு நோட்டுல எழுதிக்கினோம். நீங்க அன்னிக்கி டூட்டில இருந்தீங்களா?"

"இருந்தம்மா," என்றேன்.

"அப்பாகாரருதானா சார்?"

ஏழெட்டு முகங்களும் என்னையே பார்த்தன. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, சால்வையை மடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். ஏரியின் பெயரை எழுதப்போவதில்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது என்பது போதும். அங்கே இன்றும் சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். கூலிக்காரக் குடும்பம். நீச்சல் தெரியும், கிணற்றில் கற்றது. ஆனால் போட் ஹவுஸில் எனக்கு வேலை கிடைத்தது நீச்சலுக்காக அல்ல. ஓசூரில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் பதிமூன்று வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி மூடியபோது கையில் இருந்த ஒரே தொழில் கெட்டித் துணியும் பட்டை வாரும் தைப்பது. போட் ஹவுஸில் அப்போது மூட்டை மூட்டையாக லைஃப் ஜாக்கெட்டுகள் வார் பிய்ந்து, பக்கிள் உடைந்து கிடந்தன. "இதையெல்லாம் தச்சுக் குடுக்க ஆள் வேணும்" என்று யாரோ சொல்லிப் போனேன். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

அப்போது எங்களுக்குச் சூப்பர்வைசர் தேவராஜ் சார். தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் ஏரியில் இருக்கிற கொக்குகூட நிமிர்ந்து நிற்கும் என்று நாங்கள் கிண்டலடிப்போம். திங்கட்கிழமை ஏரிக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் எங்களுக்கு உண்மையான வேலை. ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து, உள்ளே இருக்கும் ஃபோம் கட்டியை நாலு விரலால் அமுக்கி, விட்டதும் உப்பி மேலே வருகிறதா என்று பார்ப்பார். அமுங்கியே கிடந்தால் ஓரமாக எறிந்துவிடுவார். வார்களை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். எல்லாம் முடிந்ததும், வேட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, டிராயரோடு, சந்தேகப்பட்ட ஜாக்கெட்டைத் தானே மாட்டிக்கொண்டு படித்துறையில் இறங்கிவிடுவார். தாடை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். நின்றால் பாஸ்.

மாட்டி விடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். பக்கிளை மாட்டி, வயிற்றைச் சுற்றி வரும் வாரை இழுத்த பிறகு, ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் லூஸ். ஆளும் சேர்ந்து மேலே வந்தால் சரி. பெங்களூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்களைக்கூட அவர் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார்.

"ஜாக்கெட் பேடா சார், ஈஜு கொத்து" என்று ஒருவர் கன்னடத்தில் சொன்னால், தேவராஜ் சாருக்குக் கன்னடம் தெரியாவிட்டாலும் பதில் ஒன்றுதான். "நீச்சல் தெரிஞ்சவங்களத்தான் ஐயா நான் நெறைய பொணமாத் தூக்கியிருக்கேன். போடுங்க."

குழந்தைகளுக்கான சின்ன ஜாக்கெட்டுகளில் கூடுதலாக ஒரு வார் இருக்கும். முதுகுப் பக்கம் அடியிலிருந்து கிளம்பி, இரண்டு காலுக்கு நடுவே வந்து, முன்னால் கொக்கியில் மாட்டும். நாங்கள் கால்வார் என்போம். அப்போது எங்களிடம் இருந்த பெரியவர்கள் ஜாக்கெட்டிலும் அது உண்டு. அதைப் பற்றி தேவராஜ் சார் ஒரு தரம்தான் சொன்னார். எனக்கு அது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"ஏல முனிரத்தினம், பெரியவங்களுக்குத் தோள் இருக்கு, நெஞ்சு இருக்கு. கொழந்தைக்கி என்னல இருக்கு? உருட்டி வச்ச மாவு. மேல புடிச்சா கீழ வழுக்கும். கீழ இருந்து புடிக்கதுக்குத்தான் இது, பாத்துக்கோ."

நான் பார்த்துக்கொள்ளவில்லை.

அவர் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனார். சூப்பர்வைசர் நாற்காலிக்கு என்னைக் கொண்டுவந்தார்கள். மேனேஜர் என்று ஒரு இளைஞர் மேலே இருந்தார். அவருக்குக் கூட்டம் நகர வேண்டும், அவ்வளவுதான். கால்வார் கூட்டத்தை நகரவிடாது. சேலை கட்டிய அம்மாக்களிடம் போய்க் காலுக்கு நடுவே வாரை விடுங்கள் என்று எப்படிச் சொல்வது? நாங்கள் எல்லாம் ஆம்பளைகள். சொன்னால் முறைப்பார்கள், சொல்லாவிட்டால் அந்த வார் பின்னால் வால் மாதிரி தொங்கும். புருஷன்மார் சிரிப்பார்கள். சில அம்மாக்கள் ஜாக்கெட்டே வேண்டாம் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஒரு தடவை தொங்கிய வார் பெடல் போட்டின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, நடு ஏரியில் போட் நின்று, நாங்கள் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் சொன்னார்: "அண்ணா, பெரிய ஜாக்கெட்ல அந்த வால எடுத்துடுங்களேன். சனியன் அது."

அவர் பெரியவர்கள் ஜாக்கெட்டைத்தான் சொன்னார். அதை நான் ஒளிக்கப்போவதில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நைலான் வாரை வெட்டினால் நூல் பிரியும். அதனால் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. வெட்டுவது, முனையைச் சுடரில் காட்டுவது, உருகியதை விரலால் ஒரு அமுக்கு. கம்பெனியில் கற்ற சுத்தம். பெரிய ஜாக்கெட்டுகள் முடிந்தன. பக்கத்திலேயே சின்ன ஜாக்கெட்டுகள் பன்னிரண்டு அடுக்கியிருந்தன. குழந்தைகளுக்கு மாட்டிவிடும்போதும் அம்மாக்கள் குனிந்து, தேடி, கொக்கி எங்கே என்று கேட்டு நேரம் ஆகும். கை ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரே மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று பன்னிரண்டையும் வெட்டினேன். வெட்டிய இடத்தில் ஒரு வார் இருந்தது என்றே தெரியாது, அத்தனை நறுவிசு. மேனேஜர் எடுத்துப் பார்த்துவிட்டு "சூப்பர்ணா" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் இரண்டு கோடைகாலம் ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகளுக்கு மாட்டும்போது தோளைத் தூக்கிப் பார்த்தால் ஜாக்கெட் மேலே ஏறத்தான் ஏறியது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வயிற்று வாரை நன்றாக இறுக்கிவிடுவேன். ஏறாது.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். செல்வம் என்பவர் மனைவி கற்பகத்தோடும் மகளோடும் வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், ஓசூரில் கம்பெனி வேலை. பெண் குழந்தைக்கு ஐந்து வயது, பெயர் யாழினி. மஞ்சள் கவுன். அவளுக்கு நான்தான் ஜாக்கெட் மாட்டினேன். தோளைப் பிடித்துத் தூக்கினேன், காதுவரை ஏறியது. வயிற்று வாரை இழுத்து இறுக்கினேன். மறுபடி தூக்கினேன், ஏறவில்லை. "மாமா, வலிக்கிது" என்றாள். "கொஞ்ச நேரந்தாம்மா, போயிட்டு ஓடியாந்துடு" என்று கன்னத்தைத் தட்டி பெடல் போட்டில் உட்கார வைத்தேன்.

கால் மணி நேரம் கழித்து எங்கள் மோட்டார் போட் ஒன்று திரும்பி வந்தது. அதன் அலையில் பெடல் போட் ஆடியது. சாதாரண ஆட்டம்தான்; தினமும் நூறு தடவை ஆடும். குழந்தை தண்ணீரைத் தொட ஓரமாகச் சாய்ந்திருந்தாள். விழுந்துவிட்டாள்.

நான் ரெஸ்க்யூ போட்டில் நின்றிருந்தேன். விழுந்த சத்தத்திலேயே இன்ஜினைக் கிளப்பிவிட்டேன். ஜாக்கெட் அவளை மேலே கொண்டுவந்துவிட்டது. தலை தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவள் போட்டில் இருந்த அப்பாவைப் பார்த்து, தூக்கு என்பது போல, இரண்டு கையையும் மேலே நீட்டினாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் நீட்டும். கை மேலே போனதும் ஜாக்கெட் அங்கேயே நின்றது. அவள் அதற்குள்ளிருந்து கீழே போய்விட்டாள்.

செல்வம் குதித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அவருடைய ஜாக்கெட் அவரை மேலேயே வைத்திருந்தது, முங்கவே விடவில்லை. நான் என்னுடையதைக் கழற்றி எறிந்துவிட்டு முங்கினேன். கலங்கல் தண்ணீர், கோரைப்புல். ஏழெட்டுத் தடவை முங்கினேன். கையில் எதுவும் கிடைக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள். ஜாக்கெட் மட்டும் என் போட்டில் கிடந்தது. பக்கிள் மாட்டியது மாட்டியபடி இருந்தது. வயிற்று வார் மட்டும் நான் இறுக்கிய அளவில் இல்லை, நாலு விரல் தளர்ந்திருந்தது.

கரையில் போலீஸ் கேட்டபோது செல்வம் சொன்னார்: "வலிக்குதுன்னு அழுதா. நான்தான் லூஸ் பண்ணிவிட்டேன். நான்தான் சார் கொன்னுட்டேன்." கற்பகம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் பேசவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தேவராஜ் சார். மற்ற இருவரும் மேனேஜரோடு டீ குடிக்கப் போனபோது அவர் மட்டும் அந்தச் சின்ன ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கிளை இழுத்தார். ஃபோமை அமுக்கினார். பிறகு முதுகுப் பக்கம் அடித்தையலை விரலால் தடவிக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் நின்றார்.

"இதுல கால்வார் எங்க?"

"பிஞ்சி பூட்டுது சார்."

"பிஞ்சா நூல் தொங்கும்லா. இது மெழுகுவத்தியில காட்டுனது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சுத்தம் இங்க வேற யாரு கைக்குல வரும்?"

அவர் காலில் விழப் போனேன். ஜாக்கெட்டை நடுவில் நீட்டித் தடுத்தார்.

"நான் எழுதத்தான் போறேன். ஆனா ரிப்போர்ட்டு அந்தப் பிள்ளையோட அப்பன் வீட்டுக்குப் போவாது. அதை நீதான் போய்ச் சொல்லணும்."

அவர் எழுதினார். கால்வார் இல்லை என்று ஒரு வரி, தந்தை வயிற்று வாரைத் தளர்த்தினார் என்று ஒரு வரி. மேலிடத்தில் சுருக்கி எழுதியவர்கள் இரண்டாவது வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. எனக்கும்தான். ஒரு மெமோவோடு என் கதை முடிந்தது. பன்னிரண்டு ஜாக்கெட்டிலும் மறுபடி கால்வார் தைத்தேன். அந்தத் திங்கட்கிழமை ஊசி குத்திய வலியைவிட அழுகைதான் அதிகம்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை தேவராஜ் சார் போன் செய்வார். நலம் விசாரிக்க மாட்டார். "சொல்லிட்டியா?" "இல்ல சார்." "சரி." வைத்துவிடுவார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் போன் வந்தது. ஏழு வருடம், ஏழு "இல்ல சார்". செய்த குற்றத்தைவிடச் சொல்லாமல் இருக்கிற குற்றம் நாளுக்கு நாள் கனத்தது. பயம்தான், வேறென்ன. வேலை போய்விடும் என்ற பயம் முதலில். பிறகு அந்த மனிதனின் முகத்தைப் பார்க்கப் பயம். ஓய்வு பெற்றதும் முதல் பயம் போய்விட்டது, இரண்டாவது போகவில்லை. ரேவதி தன் நோட்டில் எழுதியிருந்ததைக் கேட்ட பிறகுதான் என் பொய் எனக்குப் பின்னாலும் பாடமாக ஓடப்போகிறது என்று உறைத்தது.

செல்வம் வேலை பார்த்த கம்பெனி வாசலில் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். முதல் ஷிப்ட் விட்டு வந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அண்ணாச்சி, அன்னைக்கி முங்கி முங்கித் தேடுனீங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதைவிட என்னை அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

எதிர்க் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கால்வார் என்றால் என்ன, அதை நான் எப்படி வெட்டினேன், அது இருந்திருந்தால் வயிற்று வார் தளர்ந்தாலும் ஜாக்கெட் கழன்றிருக்காது என்பது வரை. அது இல்லாததால்தான் வயிற்றை அவ்வளவு இறுக்கினேன், அதனால்தான் குழந்தைக்கு வலித்தது, அதனால்தான் அவர் தளர்த்த வேண்டிவந்தது என்பதையும் சொன்னேன். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"எந்திரிங்க அண்ணாச்சி," என்றார் கடைசியில். "வீட்டுக்கு வாங்க. இத அவகிட்ட சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா."

போகும் வழியில் அவரே சொன்னார். "சோறு வைப்பா. துணி துவைச்சுப் போடுவா. ஏழு வருசமா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. பிள்ளையக் கொன்னவன்கிட்ட என்ன பேசுவா?"

வரிசை வீடுகளில் நான்காவது வீடு. கற்பகம் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் பின்வாங்கி நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வயித்துல அம்புட்டு இறுக்கிக் கட்டுனது நீங்களா?"

"ஆமாம்மா."

"அந்தக் கீழ் வார் இருந்திருந்தா, லூஸ் பண்ணியிருந்தாலும் எம் பிள்ள..."

"நின்னிருக்கும்மா. கழண்டிருக்காது."

பிறகு அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். உதடு கோணிக்கொண்டு போனது.

"நான்தான சொன்னேன்," என்றார். "பிள்ளைக்கி வலிக்குது, அவுத்து விடுங்கன்னு நான்தான சொன்னேன். நீங்க வேணாம்னீங்க. நான்தான் வைஞ்சேன். அம்புட்டுப் பேருகிட்டயும் நீங்க உங்க பேரச் சொல்லிக்கிட்டீக. எம் பேரச் சொல்லவேயில்ல. நான் எந்த மூஞ்சிய வச்சு உங்ககூடப் பேச?"

செல்வம் மனைவியையே பார்த்தபடி நின்றார். அவர் மறந்தாரா, மறைத்தாரா, எனக்குத் தெரியாது. அவள் தன்னை வெறுக்கிறாள் என்று மட்டும்தான் அந்த மனிதன் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

"நீங்க போங்க," என்று கற்பகம் என்னிடம் சொன்னார். "இனிமே இங்க வராதீக."

வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கதவைச் சாத்திவிட்டார். அது நியாயம்தான்.

வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே செல்வத்தின் அழுகை கேட்டது. அதன் மேலேயே அந்த அம்மாவின் அழுகையும் கேட்டது. ஏழு வருடம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக அழுதவர்கள். பிள்ளை போன அன்றே அவர்கள் சேர்ந்து அழுதிருக்க வேண்டியது. அதையும் நான்தான் இத்தனை வருடம் தடுத்து வைத்திருந்தேன்.